மார்பக மறுசீரமைப்புக்குப் பிறகு கையைத் தூக்குவது எப்படி: தோளைத் தேற்ற ஒரு வழிகாட்டி

புற்றுநோய்க்காக அகற்றிய மார்பகத்தைத் திரும்ப உருவாக்கும் மறுசீரமைப்பு அறுவை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது கையில் ஒரு தாள் கொடுப்பார்கள். அதில் கோட்டோவியமாக ஒரு பெண் சுவரைப் பிடித்து நிற்பாள், தோளைச் சுழற்றுவாள், கையைத் தலைக்கு மேல் தூக்குவாள். தாளில் தவறு ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் அதே தாளைக் கொடுப்பதுதான் சிக்கல். அறுவை எல்லோருக்கும் ஒன்றல்ல. ஒருவருக்கு நெஞ்சுத் தசைக்கு அடியில் இம்ப்ளான்ட் என்ற செயற்கைப் பையை வைத்திருப்பார்கள், இன்னொருவருக்கு முதுகுத் தசையையே முன்பக்கம் கொண்டுவந்திருப்பார்கள், மூன்றாமவருக்கு வயிற்றிலிருந்து திசு எடுத்திருப்பார்கள். இந்த மூவரின் தோளும் மூன்று விதமாகத் தேறும்.

பிசியோதெரபிக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, "உங்களுக்கு எந்தத் தசையைத் தொட்டார்கள்?" என்பதுதான். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. "மார்பகத்தில்தானே ஆபரேஷன், தோளுக்கு என்ன?" என்று திருப்பிக் கேட்பார்கள். அங்கிருந்தே தொடங்குவோம்.

எந்தத் தசை, என்ன வேலை

இம்ப்ளான்ட் என்றால் இரண்டு வகை. பெக்டோராலிஸ் மேஜர் என்ற நெஞ்சுத் தசைக்கு அடியில் வைப்பது ஒன்று, அதன் மேலேயே வைப்பது மற்றொன்று. அடியில் வைக்கும்போது இடம் கிடைப்பதற்காகத் தசையின் கீழ்ப்பக்கப் பிடிப்பை விடுவிப்பார்கள். கதவைத் தள்ளுவது, கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுவருவது, கனமான பொருளை மார்போடு அணைத்துத் தூக்குவது எல்லாம் அந்தத் தசையின் வேலை. அதனால் இவற்றில் பலம் கொஞ்சம் குறையும். கையைத் தூக்கும்போது நெஞ்சில் யாரோ கச்சை கட்டி இறுக்கியது போல் இருக்கும். முதலில் எக்ஸ்பாண்டர் என்ற, இடத்தை மெல்ல விரிக்கும் பையை வைத்து, சில வாரங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக உப்புநீர் ஏற்றுகிறார்கள் என்றால், ஒவ்வொரு முறை ஏற்றிய பிறகும் ஓரிரு நாள் இந்த இறுக்கம் கூடும். அந்த நாட்களில் பயிற்சியின் அளவைக் குறையுங்கள், ஆனால் நிறுத்த வேண்டாம். தசைக்கு மேலே இம்ப்ளான்ட் வைத்தவர்களுக்கு நெஞ்சுத் தசை தன் இடத்திலேயே இருப்பதால் தோள் பொதுவாகச் சீக்கிரம் இளகும்.

முதுகுத் தசையை எடுப்பது பழைய முறை. டான்சினி என்ற இத்தாலிய அறுவை மருத்துவர் 1906-லேயே விவரித்திருக்கிறார். லாட்டிசிமஸ் டார்சி என்பது இடுப்புக்கு மேலே விசிறி போல விரிந்து, அக்குள் வழியாக மேற்கை எலும்பில் வந்து குவியும் பெரிய தசை. அதைத் தோலோடு சேர்த்து அக்குள் பக்கமாகத் திருப்பி முன்னுக்குக் கொண்டுவருகிறார்கள். கையைக் கீழ்நோக்கியும் பின்னோக்கியும் இழுப்பது இதன் வேலை. நீச்சல், துடுப்புப் போடுவது, கயிறு ஏறுவது, ஊன்றுகோலில் நடப்பது எல்லாம் இதை நம்பித்தான் நடக்கின்றன. இவ்வளவு பெரிய தசை போனால் கை விளங்காமல் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். பக்கத்திலேயே டெரஸ் மேஜர் என்ற சின்னத் தசை இருக்கிறது, அது வேலையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஆனால் அதற்குச் சில மாதங்கள் வேண்டும், பயிற்சியும் வேண்டும். அன்றாட வேலைகள் பெரும்பாலானவர்களுக்குத் திரும்பிவிடும். கனமாக இழுப்பது, நாற்காலியில் கையூன்றி எழுவது, நீண்ட நேரம் நீந்துவது போன்றவைதான் கடைசியாக வரும். சிலருக்கு அவற்றில் ஒரு குறை தங்கிவிடுவதும் உண்டு.

வயிற்றிலிருந்து தோல், கொழுப்பு, ரத்தக் குழாய்களை மட்டும் எடுக்கும் முறைக்கு டயெப் ஃபிளாப் என்று பெயர். வயிற்றுத் தசையையும் சேர்த்து எடுத்தால் அது டிராம். இரண்டிலும் தோளை அசைக்கும் தசை எதையும் எடுப்பதில்லை. அப்படியும் தோள் வலி வருகிறதே என்றால், காரணம் கூன். வயிற்றுத் தையல் இழுப்பதால் முதல் இரண்டு வாரம் முன்னால் வளைந்துதான் நடப்பீர்கள், தோளும் முன்பக்கம் சுருண்டுகொள்ளும். வயிறு சரியான பிறகும் அந்தச் சுருளல் பழக்கமாகிவிடுகிறது. இவர்களுக்கு நான் கையைப் பார்ப்பதற்கு முன் நிமிர்ந்து நிற்கத்தான் சொல்லித்தருவேன்.

அக்குளை மறந்துவிடாதீர்கள். நிணநீர் முடிச்சுகளை எடுத்திருந்தால், மறுசீரமைப்பைவிட அதுவே தோளுக்குப் பெரிய தொந்தரவாக இருக்கக்கூடும். ஒன்றிரண்டை மட்டும் எடுத்தார்களா, முழுவதையும் எடுத்தார்களா என்பதில் நிறைய வித்தியாசம் உண்டு.

ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும் முன் மருத்துவரிடம் இவற்றைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எந்தத் தசையை நகர்த்தினீர்கள்? அக்குளில் எவ்வளவு எடுத்தீர்கள்? எந்தத் தேதிவரை கை தோள் உயரத்துக்கு மேல் போகக்கூடாது? எத்தனை கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது, எப்போதுவரை? ரேடியேஷன் உண்டா? நான் கீழே சொல்லும் வாரக்கணக்கு எல்லாம் பொதுவானது. உங்கள் மருத்துவர் சொன்ன கணக்கு வேறாக இருந்தால் அவர் சொன்னதுதான் சரி.

அறுவைக்கு இன்னும் நாள் இருந்தால்

இரண்டு வேலை செய்யுங்கள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு ஒப்பிட்டுப் பார்க்க உதவும். தோள் முன்பே இறுகியிருந்ததா என்பதும் அப்போது தெரியும், பலருக்கு இருந்திருக்கும். இரண்டாவது, கையை ஊன்றாமல் படுக்கையிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் எழப் பழகுங்கள். அறுவை முடிந்த மறுநாள் காலை இதைப் புதிதாகக் கற்றுக்கொள்வது கொடுமை.

முதல் வாரம்: அசை, ஆனால் தூக்காதே

காயத்தில் சேரும் நீரை வெளியே வடிக்கும் டிரெய்ன் குழாய் இருக்கும் நாட்கள் இவை. பயத்தில் கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்ளத் தோன்றும். இரண்டு நாள் அப்படி வைத்தாலே கழுத்தும் தோளும் கல்லாகிவிடும். முதல் நாளிலிருந்தே விரலை மடக்கி விரிக்கலாம், மணிக்கட்டைச் சுழற்றலாம், முழங்கையை மடக்கி நீட்டலாம். மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள். தோளைக் காதுவரை உயர்த்தி, பின்பக்கமாக மெல்லச் சுழற்றி இறக்குங்கள். இப்படி ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, தடவைக்கு ஐந்து முறை.

தலை வாருவது, பல் தேய்ப்பது, முகம் கழுவுவது ஆகியவற்றை அந்தக் கையாலேயே செய்யப் பாருங்கள், முழங்கை தோள் உயரத்தைத் தாண்டாமல். தலை வார முடியாவிட்டால் தலையைக் குனிந்து கைப்பக்கம் கொண்டுவாருங்கள். வலி மாத்திரை எழுதித் தந்திருந்தால், பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பு வருமாறு அதைப் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். வலியைப் பல்லைக் கடித்துத் தாங்கினால் தோள் இன்னும் இறுகத்தான் செய்யும்.

முதுகுத் தசை எடுத்தவர்கள் நாற்காலியிலிருந்து எழுவதைக் கொஞ்சம் பக்கத்திலிருந்து பார்ப்போம். பழக்கத்தில் கை தானாகவே நாற்காலியின் கைப்பிடிக்குப் போகும். ஊன்றி அழுத்தியதும் முதுகுத் தையல் சுரீர் என்று இழுக்கும். அதைத் தவிர்க்க, இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து வாருங்கள். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கைகளையும் தொடைமேல் சும்மா வையுங்கள், அழுத்த வேண்டாம். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாயுங்கள். அப்போது புட்டம் லேசாக மேலெழும், தொடை பலத்தில் நிமிர்ந்துவிடலாம். தாழ்வான சோபாவில் இது நடக்காது, ஒரு மாதத்துக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள். படுக்கையிலிருந்து எழும்போது அறுவை ஆகாத பக்கம் ஒருக்களித்து, காலைக் கீழே தொங்கவிட்டு, அந்தப் பக்க முழங்கையை ஊன்றி எழுங்கள்.

முதுகில் தசை எடுத்த இடத்தில் நீர் கோத்துக்கொள்வது சகஜம். சீரோமா என்பார்கள். அசையும்போது தண்ணீர்ப் பை குலுங்குவது போல இருக்கும். பயப்பட வேண்டியதில்லை, ஆனால் சொல்ல வேண்டும். ஊசி வைத்து எடுத்துவிடுவார்கள், சிலருக்கு இரண்டு மூன்று தடவைகூட எடுக்க வேண்டியிருக்கும்.

டிரெய்ன் எடுத்த பிறகு: சுவரும் பென்சிலும்

பொதுவாக ஒரு நாளில் வடியும் நீர் 30 மில்லிக்குக் கீழே வந்ததும் டிரெய்ன் குழாயை எடுப்பார்கள். மருத்துவர் அனுமதித்ததும் கையை தோள் உயரத்துக்கு மேல் கொண்டுபோகும் வேலை தொடங்குகிறது. சிலருக்கு இது இரண்டாம் வாரம், சிலருக்கு நான்காம் வாரம்.

இங்கே ஒரு சின்ன உடற்கூறு விஷயம் தெரிந்தால் வேலை சுலபம். கையைத் தொங்கவிட்ட நிலையிலிருந்து தலைக்கு மேல் முழுதாகத் தூக்குவது ஏறக்குறைய 180 டிகிரி. அதில் சுமார் 120 டிகிரிதான் தோள் மூட்டிலிருந்து வருகிறது. மிச்சம் 60 டிகிரி, முதுகின் மேல்பக்கம் இருக்கும் முக்கோணத் தட்டை எலும்பு, அதாவது ஸ்காபுலா, விலாமேல் வழுக்கிச் சுழல்வதால் கிடைப்பது. அறுவைக்குப் பிறகு பெரும்பாலும் சண்டித்தனம் பண்ணுவது இந்த எலும்புதான். அது நகராமல் ஒட்டிக்கொண்டால் நீங்கள் என்னதான் கையை இழுத்தாலும் ஒரு இடத்தில் முட்டி நிற்கும். உடனே உடம்பு ஏமாற்று வேலையில் இறங்கும்: தோள் காதுக்கு ஏறும், இடுப்பு பக்கவாட்டில் வளையும். கை உயர்ந்த மாதிரித் தெரியும், உண்மையில் உயர்ந்திருக்காது.

அதனால் கையைத் தூக்கும் முன் இதைச் செய்யுங்கள்: நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு ஸ்காபுலாவையும் முதுகெலும்பை நோக்கி மெல்லச் சேர்த்து, பின்பக்கப் பாக்கெட்டில் போடுவது போலக் கீழே இறக்குங்கள். ஐந்து நொடி வைத்து விடுங்கள். பத்து முறை. முதுகுத் தசை எடுத்தவர்கள் மிக லேசாக, கால்வாசி பலத்தில் செய்தால் போதும்.

அடுத்தது படுத்துக்கொண்டு. முழங்காலை மடக்கி மல்லாந்து படுங்கள். துடைப்பக் கட்டையோ குடையோ, ஏதோ ஒரு கோலை இரண்டு கைகளாலும் பிடித்து, மெல்லத் தலைக்கு மேலாகப் பின்னோக்கிக் கொண்டுபோங்கள். நல்ல கை வேலை செய்யட்டும், அறுவைப் பக்கக் கை சும்மா கூட வரட்டும். இழுப்பு தெரிகிற இடத்தில் நிறுத்தி, இரண்டு மூன்று மூச்சு விடுங்கள். மூச்சை வெளியே விடும்போது கை இன்னும் ஒரு விரற்கடை இறங்கும், கவனித்துப் பாருங்கள். ஐந்து முறை செய்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

மூன்றாவது சுவர். சுவரைப் பார்த்து ஒரு அடி தள்ளி நின்று, விரல் நுனிகளைச் சுவரில் வைத்து, சிலந்தி ஏறுவது போல ஒவ்வொரு விரலாக மேலே நடத்துங்கள். தோள் காதை நோக்கி ஏறத் தொடங்கியதும் நில்லுங்கள், அதுதான் இன்றைய எல்லை. நடுவிரல் தொட்ட இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். இறங்கும்போதும் விரல்களை நடத்தியே இறக்க வேண்டும், தொப்பென்று விட்டுவிடக்கூடாது. முன்பக்கம் ஏறியது போலவே பக்கவாட்டில் நின்றும் செய்யுங்கள். பக்கவாட்டில் ஏறுவது எப்போதும் கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கும். பென்சில் கோடு சில நாட்கள் முந்தைய கோட்டுக்குக் கீழேயே விழும். கீமோ நடக்கும் வாரம், தூக்கம் கெட்ட நாள், எக்ஸ்பாண்டரில் உப்புநீர் ஏற்றிய மறுநாள். அந்தக் கோட்டையும் போடுங்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் கோடுகள் படிக்கட்டு போல மேலே போயிருக்கும், நடுவில் ஒன்றிரண்டு படி மட்டும் சரிந்திருக்கும். மூன்று வாரமாக ஒரே இடத்தில் கோடு விழுந்துகொண்டிருந்தால், பிசியோதெரபிஸ்டைப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

சீக்கிரம் தொடங்கினால் புண் பிரிந்துவிடாதா என்று கேட்பார்கள். பிரிட்டனில் 17 மையங்களில் 392 பெண்களை வைத்து நடந்த புராஸ்பர் ஆய்வு 2021-ல் வெளியானது. அறுவை முடிந்து 7 முதல் 10 நாளில் பிசியோதெரபிஸ்ட் உதவியோடு பயிற்சி தொடங்கியவர்களின் கை, ஓராண்டு முடிவில் மற்றவர்களின் கையைவிட நன்றாக இயங்கியது. ஆனால் அது மறுசீரமைப்பு செய்துகொள்ளாத பெண்களிடம் நடந்த ஆய்வு. அதில் சொன்ன நாள் கணக்கை அப்படியே நமக்கு எடுத்துக்கொள்ள முடியாது. சும்மா இருப்பதைவிட, ஒருவர் பார்த்துச் சொல்லித்தரும் பயிற்சி நல்லது என்ற அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

நடுவில் வரும் மூன்று விருந்தாளிகள்

ஒன்று, அக்குளில் கயிறு. அறுவை முடிந்து சில வாரங்களில், கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது அக்குளிலிருந்து முழங்கை நோக்கி, சிலருக்கு மணிக்கட்டுவரைகூட, தோலுக்கு அடியில் தந்திக் கம்பி போல ஒன்று விறைத்து நிற்கும். நேற்றுவரை மேலே போன கை இன்று பாதியில் நிற்கும். பலர் பயந்துபோய்ப் பயிற்சியை விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். இது நிணநீர் முடிச்சு எடுத்தவர்களிடம் அடிக்கடி காணப்படுவது, பெரும்பாலும் சில மாதங்களில் தானே கரைந்துவிடும். அதை நீங்களே அழுத்தி அறுக்க முயலாதீர்கள். முழங்கையை நீட்டி, கம்பி லேசாக இழுபடும் இடம்வரை கையை விரித்து, முப்பது நொடி வைத்திருங்கள். பிசியோதெரபிஸ்ட் கையால் நீவியும் விடுவார்.

இரண்டு, மரத்துப்போதல். மேற்கையின் உட்பக்கமும் அக்குளும் மரக்கட்டை போல இருக்கும், அல்லது துணி பட்டாலே எரியும். அக்குள் வழியே போகும் மெல்லிய நரம்பு ஒன்று அறுபடுவதாலோ இழுபடுவதாலோ வருவது இது. கையின் பலத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மரத்த இடத்தில் சூட்டு ஒத்தடம் மட்டும் வேண்டாம், சுட்டாலும் உங்களுக்குத் தெரியாது.

மூன்றாவது கொஞ்சம் தீவிரமானது. சுவரில் உள்ளங்கையை வைத்துத் தள்ளும்போது, ஒரு பக்க ஸ்காபுலாவின் ஓரம் மட்டும் முதுகிலிருந்து கோழிச் சிறகு போலத் துருத்திக்கொண்டு வருகிறதா என்று வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். வந்தால், செர்ராட்டஸ் என்ற விலாத் தசைக்குப் போகும் நரம்பு அடிபட்டிருக்கலாம். நரம்பு நசுங்கி மட்டும் இருந்தால் பல மாதங்களில் மீளும். ஆனால் இதைப் பொதுப் பயிற்சித் தாளை வைத்துச் சரிசெய்ய முடியாது. தனியாகப் பார்த்துத்தான் திட்டம் போட வேண்டும்.

தழும்பு

தையல் முழுதாக ஆறி, பொருக்கு எல்லாம் உதிர்ந்த பிறகு விரல் நுனியால் தழும்பின்மேல் சின்ன வட்டங்களாக நீவுங்கள், தினம் ஐந்து நிமிடம். முதுகுத் தழும்புக்கு வேறொருவர் கை தேவைப்படும்.

பலம் கூட்டுவது: ஆறு வாரத்துக்குப் பிறகு

கை மேலே போகத் தொடங்கியதும் எல்லாம் முடிந்தது என்று நிறுத்திவிடுகிறார்கள். இங்கேதான் நான் கொஞ்சம் அடம்பிடிப்பேன். கை உயர்வது ஒன்று, உயர்ந்த கையில் ஒரு கனம் தங்குவது வேறு. மேல் அலமாரியிலிருந்து டப்பாவை எடுக்கும்போதுதான் இந்த வித்தியாசம் தெரியும்.

பெரும்பாலான மருத்துவர்கள் ஆறு முதல் எட்டு வாரத்தில் பலப் பயிற்சிக்கு அனுமதி தருகிறார்கள், முதுகுத் தசை எடுத்தவர்களுக்குக் கனமான இழுப்பு வேலைகளுக்கு மூன்று மாதம்வரை பொறுக்கச் சொல்வதுண்டு. தொடக்கம் அரைக் கிலோ, அல்லது இருப்பதிலேயே மெல்லிய எலாஸ்டிக் பேண்ட். பேண்டைக் கதவுப் பிடியில் மாட்டி, முழங்கையை உடம்பை ஒட்டிப் பின்னால் இழுப்பது. முழங்கையை இடுப்போடு வைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்புவது. சுவரில் கைவைத்து, தரையில் எடுக்கும் தண்டாலை நின்றபடியே எடுப்பது. மூன்றும் பத்துப் பத்து முறை, வாரத்தில் இரண்டு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு. மறுநாள் காலைக்குள் போய்விடும் வலி சரியான அளவு. மறுநாளும் தங்கினால் பாதியாகக் குறையுங்கள்.

நெஞ்சுத் தசைக்கு அடியில் இம்ப்ளான்ட் இருப்பவர்கள் சுவர்த் தண்டாலைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். தசை இறுகும்போது மார்பகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு உருமாறுவதைக் கண்ணாடியில் பார்த்துத் திடுக்கிடுவீர்கள். இம்ப்ளான்ட் கிழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை, மேலே இருக்கும் தசை அசைகிறது, அவ்வளவுதான். ஆனால் ஜிம்மில் நெஞ்சுக்கு எடை தள்ளும் கனமான பயிற்சிகளை உங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். முதுகுத் தசை எடுத்தவர்களுக்கும் இதே போல ஒரு வினோதம் உண்டு. கையைப் பின்னால் இழுக்கும்போது மார்பகம் துடிக்கும், மார்பகத்தைத் தொட்டால் முதுகைத் தொட்டது போல இருக்கும். நாளாக நாளாகக் குறையும்.

வயிற்றுத் திசு எடுத்தவர்கள் தோள் பயிற்சியை உட்கார்ந்தே செய்யலாம். வயிறு இறுகும் எதையும், எடையோடு நின்று செய்வதையும் சேர்த்து, எட்டு வாரம்வரை தள்ளிப்போடுங்கள்.

"எடை தூக்கினால் கை வீங்கிவிடும்" என்ற அச்சம் இன்னும் போகவில்லை. நிணநீர் முடிச்சு எடுத்த கையால் வாழ்நாள் முழுவதும் கனம் தூக்கக்கூடாது என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னார்கள். 2009-லும் 2010-லும் அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழு வெளியிட்ட ஆய்வுகள் அதை மாற்றின. மேற்பார்வையில், மெல்ல மெல்லக் கூட்டிய எடைப் பயிற்சி, நிணநீர் வீக்கம் ஏற்கெனவே இருந்தவர்களுக்கு அதை மோசமாக்கவில்லை, இல்லாதவர்களுக்குப் புதிதாக வரவழைக்கவும் இல்லை. அதில் முக்கியமான சொல் "மெல்ல மெல்ல". மோதிரமோ சட்டைக் கையோ இறுகினால், கை கனத்தால், அன்றே நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

ரேடியேஷன் இருந்தால்

ரேடியேஷன் நடக்கும் நாட்களில் தோல் சிவந்து எரிந்தாலும் கையை மேலே கொண்டுபோகும் பயிற்சியை மட்டும் தொடருங்கள், பேண்டையும் எடையையும் ஒதுக்கி வையுங்கள். மேஜையில் கையைத் தலைக்கு மேல் வைத்துப் படுக்க வேண்டியிருப்பதால், அதற்குமுன் தோள் இளகியிருப்பதும் அவசியம். ரேடியேஷன் முடிந்த கையோடு இறுக்கமும் முடிந்துவிடாது. திசு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கிலும், மெல்ல இறுகிக்கொண்டே வரும். அதனால் சுவர்ப் பயிற்சியைக் குறைந்தது இரண்டு வருடம் தினசரிப் பழக்கமாக வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

எப்போது உடனே போக வேண்டும்

38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், காயத்தில் பரவும் சிவப்பு, சீழ், மார்பகம் திடீரென்று வீங்கி இறுகுவது, ஃபிளாப்பின், அதாவது மாற்றி வைத்த திசுவின், நிறம் கருத்தோ வெளுத்தோ போவது, அது சில்லென்று ஆவது. கெண்டைக்காலில் வலியோடு வீக்கம், திடீர் மூச்சுத் திணறல். இவை எதற்கும் பயிற்சியை நிறுத்திப் பார்ப்போம் என்று காத்திருக்கக்கூடாது, அப்போதே மருத்துவமனை.

வேலை, வண்டி, நீச்சல்

கார் ஓட்டுவதற்கு நாள் கணக்கைவிட ஒரு சோதனை பயன்படும்: நிறுத்திய காரில் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் வேகமாகத் திருப்பிப் பாருங்கள், பிரேக்கை ஓங்கி மிதித்துப் பாருங்கள். முகம் சுளிக்காமல் முடிந்தால், மருத்துவரும் சரி என்றால், ஓட்டலாம். சீட் பெல்ட் உறுத்தினால் நடுவில் சின்னத் தலையணை வைத்துக்கொள்ளுங்கள். மேஜை வேலைக்குத் திரும்புகிறவர்கள் முழங்கைக்கு அடியில் ஏதாவது ஒரு தாங்கல் வைத்து, மணிக்கு ஒருமுறை எழுந்து தோளைச் சுழற்றினால் போதும். கையை உயர்த்தியே வேலை பார்ப்பவர்கள், முடி திருத்துபவர், பெயின்ட் அடிப்பவர், கரும்பலகையில் எழுதுபவர் போன்றோர், முதல் மாதம் அரை நாள் வேலை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நீச்சலுக்குக் காயம் முழுதாக ஆறி, மருத்துவர் சரி சொல்லியிருக்க வேண்டும். முதலில் மார்பளவு தண்ணீரில் நின்று கையை விரித்து மடக்குங்கள். அப்புறம் தவளை நீச்சல். கையைத் தலைக்கு மேல் வீசி இழுக்கும் நீச்சலை முதுகுத் தசை எடுத்தவர்கள் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் அந்தப் பக்கம் இழுப்பு குறைவாக இருப்பதால் நேர்க்கோட்டில் போகாமல் சற்றுத் திரும்பிக்கொண்டே போவீர்கள். அறுவை ஆகாத கையை இன்னும் கொஞ்சம் மெதுவாக வீசினால் கோடு நேராகும்.